கமா ஸே ஓலே?

பிழைப்புக்காகப் பிறதேசம் போகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய கேள்வி எது என்று என்னைக் கேட்டால், "எவ்வளவு?" என்பதே என்று சொல்வேன். பெயர் என்ன, ஊர் எது, எத்தனை பிள்ளைகள் என்பனவெல்லாம் மற்றவர்கள் அவரிடம் கேட்கும் கேள்விகள். அவற்றுக்குத் தலையசைத்தும் கைகாட்டியும் பதில் சொல்லிவிடலாம். விலை கேட்பது அப்படியல்ல. அது அவர் தாமாக வாய்திறந்து தொடங்க வேண்டிய உரையாடல். விலை கேட்கத் தெரியாதவர், கடைக்காரர் சொன்ன காசைக் கொடுத்துவிட்டு வருவார். தமது உழைப்புக்கு முதலாளி கொடுத்த காசையும் அவ்வாறே எண்ணிப் பாராமல் வாங்கிக்கொண்டு வருவார்.

இந்த எண்ணத்தை எனக்குள் கிளறிவிட்டது எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்று. பூண்டுலோயாவில் இருக்கும் என் உறவுப் பெண்ணொருத்தி, இஸ்ரேலில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஆயத்தமாகி வருகிறாள். கைத்தொலைபேசியில் பாடங்களைப் பார்த்து, எபிரேயச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி, எதிரே பொருளையும் எழுதி வைத்திருக்கிறாள். வணக்கம், நன்றி போன்றவை முதற்பக்கத்தோடு முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வருவன எல்லாம் கடைச் சொற்கள்: பாண், பால், முட்டை, வெங்காயம், மலிவு, விலை அதிகம், மிச்சக்காசு, பற்றுச்சீட்டு. பராமரிப்பு வேலைக்குப் போகிறவளுக்குக் கடைச் சொற்கள் எதற்கு என்று நினைக்க வேண்டாம். வெளியே போக முடியாத ஒரு முதியவருக்காக அவருடைய பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பொருளோடும் மீதிப் பணத்தோடும் திரும்பி வந்து கணக்குச் சொல்ல வேண்டியவள் அவள். அந்தக் கணக்கில் பிசகு வந்தால், பிசகுவது காசு மட்டுமல்ல, அவள் மீதான நம்பிக்கையும்தான்.

ஊரைத் தெரியாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. பூண்டுலோயா, நுவரெலியா மாவட்டத்தில், கொத்மலைப் பக்கத்தில் உள்ள சிறு நகரம். அருகே ஓடும் ஆற்றின் பெயரே ஊரின் பெயர். சுற்றிலும் டன்சினன், ஷீன் முதலிய தேயிலைத் தோட்டங்கள். டன்சினன் என்பது ஸ்கொட்லாந்திலுள்ள ஒரு குன்று. ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்' நாடகத்தால் உலகறிந்த பெயர். எங்கள் மலைகளுக்குக்கூட அந்நிய மொழியில் பெயரிடப்பட்ட நாட்டில் பிறந்தவர்களுக்கு, இன்னொரு அந்நிய மொழி பெரிய அதிசயமல்ல.

இலங்கையும் இஸ்ரேலும் வீட்டுப் பராமரிப்பாளர்களை அனுப்புவது தொடர்பாக 2020 நவம்பரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2023 நவம்பரில் விவசாய வேலைக்கு 10,000 பேர்வரை அனுப்புவதற்கான உடன்பாடும் வந்தது. அதிலிருந்து மலையக லயங்களிலும் அந்த நாட்டின் பெயர் அடிக்கடி அடிபடத் தொடங்கியது. இதற்கு முன்னர் எங்களுக்கு அந்தப் பகுதியின் பெயர் தேவாலயத்தில்தான் கேட்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பெண்ணுக்கு மொழி ஆசிரியையாக வாய்த்தவர் அவளுடைய சின்னம்மா. அவருக்கு எபிரேயம் தெரியாது. ஆனால் சவூதி அரேபியாவில் வீட்டுப் பணிப்பெண்ணாகப் பல ஆண்டுகள் இருந்தவர். அரபு எழுதத் தெரியாது, கேட்டுப் பேசத் தெரியும். "கமா?" என்று எபிரேயத்தில் 'எவ்வளவு' கேட்கும் சொல்லை மகள் முறையானவள் வாசித்தபோது, சின்னம்மா அடுப்படியிலிருந்தே, "அது நம்ம 'பிகம்' தானே?" என்றாராம். உண்மைதான். அரபியின் 'கம்', எபிரேயத்தின் 'கமா' இரண்டும் ஒரே குடும்பத்துச் சொற்கள். செமிட்டிய மொழிகள் என்று மொழியியலார் வகுத்த உறவை அவர் ஒரு கடைக் கேள்வியில் கண்டுபிடித்துவிட்டார்.

எண்களும் அப்படியே. அரபியில் தலாத்தா, அர்பா, கம்ஸா. எபிரேயத்தில் ஷலோஷ், அர்பா, ஹமேஷ். நான்கு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றே. அரபியின் 'த' ஒலி பல சொற்களில் எபிரேயத்தில் 'ஷ' ஆகிறது. தலாத்தா ஷலோஷ் ஆவதும், எட்டைக் குறிக்கும் தமானியா ஷ்மோனே ஆவதும் அந்த விதிப்படியே. நூறு அங்கே மியா, இங்கே மேயா. ஆயிரம் அங்கே அல்ஃப், இங்கே எலெஃப். வெங்காயம் அங்கே பஸல், இங்கே பத்ஸால். ஓரிடத்தில் மட்டும் சின்னம்மாவின் பாடம் சறுக்குகிறது. எபிரேயத்தில் 'லெஹெம்' என்றால் பாண். அரபியில் 'லஹ்ம்' என்றால் இறைச்சி. ஒரே வேர்ச்சொல் ஒரு வீட்டில் பாணாகவும் மறுவீட்டில் இறைச்சியாகவும் பரிமாறப்படுகிறது. "பாண் வாங்கச் சொன்னா இறைச்சிக் கடைக்குப் போயிடாத" என்று சின்னம்மா எச்சரித்ததைக் கேட்டு வீடே சிரித்ததாம்.

1980கள் முதல் மத்திய கிழக்குக்குப் போய்வந்த மலையகப் பெண்களின் மொழியறிவை இதுவரை எவரும் அறிவாக எண்ணியதில்லை. அவர்கள் அனுப்பிய பணத்தை எண்ணினோம். கொண்டுவந்த வானொலிப் பெட்டிகளையும் போர்வைகளையும் பார்த்தோம். அவர்களின் நாவில் ஒரு மொழியின் சந்தைப் பேச்சு முழுதாக வந்து சேர்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை. பத்திரிகைக்காரனாக இதை நான் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு. அவர்களைப் பற்றி நாங்கள் எழுதிய செய்திகளில் பெரும்பாலானவை துயரச் செய்திகள்தான். துயரம் உண்மை. ஆனால் அதுவே முழு உண்மையல்ல.

எபிரேயத்தில் தமிழருக்குச் சிரமம் தருவது உச்சரிப்பைவிட இலக்கணம். தமிழில் பொருள்களுக்கு ஆண் பெண் கிடையாது. எல்லாம் அஃறிணையில் அடங்கும். எபிரேயத்தில் கதிரைக்கும் காசுக்கும்கூடப் பால் உண்டு. அந்நாட்டுப் பணமாகிய ஷெக்கெல் ஆண்பால். அதன் நூறில் ஒரு பங்காகிய அகோரா பெண்பால். ஆகவே மூன்று ஷெக்கெல் என்பதற்கு 'ஷ்லோஷா', மூன்று அகோரா என்பதற்கு 'ஷலோஷ்'. பெண்பாலுக்குரியது போல் ஒலிக்கும் 'ஆ' விகுதி, எண்ணில் வரும்போது ஆண்பால் பொருளோடு சேர்கிறது. கேட்கவே தலைசுற்றும். ஆனால் சந்தையில் அந்நாட்டு மக்களே இந்த விதியைப் பொருட்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் பெண்பால் எண்களையே சொல்லிவிடுகிறார்கள் என்பது ஆறுதல். எந்த மொழியிலும் இலக்கணத்தின் கடுமையை முதலில் தளர்த்துவது சந்தைதான்.

பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பதும் வாக்கியத்தில் தெரிந்துவிடும். 'எனக்கு வேண்டும்' என்பதை ஆண் 'அனி ரொட்ஸே' என்றும் பெண் 'அனி ரொட்ஸா' என்றும் சொல்ல வேண்டும். "எனக்கு வேணும்னு சொல்றதுலகூடப் பொம்பள வேற மாதிரித்தான் சொல்லணுமா, மாமா?" என்று அவள் என்னைக் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான பதில் இலக்கணத்தில் மட்டும் இல்லை.

இனி ஷெக்கெல் என்ற சொல்லுக்கு வருவோம். தமிழ் வேதாகமம் வாசித்தவர்களுக்குச் 'சேக்கல்' என்ற வடிவில் அது பழக்கமானது. அதன் வேர்ப்பொருள் 'நிறுத்தல்'. நாணயம் அடிக்கப்படுவதற்கு முந்திய காலத்தில் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். அந்த நிறையின் பெயரே பின்னர் பணத்தின் பெயராயிற்று. பணம் என்ற பொதுப்பொருளில் வழங்கும் 'கெஸெஃப்' என்ற சொல்லுக்கும் வெள்ளி என்பதே பொருள். இதில் நமக்கு வியப்பு வேண்டியதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் தமிழர் இன்றும் பணத்தை வெள்ளி என்றே சொல்கிறார்கள்.

ஆதியாகமத்தின் 23 ஆம் அதிகாரம் ஒரு விலைபேசும் காட்சி. மனைவி இறந்துவிட, அவளை அடக்கம் செய்ய ஒரு நிலம் வாங்க வருகிறார் ஆபிரகாம். உங்களிடையே நான் அந்நியன் என்று தொடங்குகிறார். நிலத்துக்குரியவர் முதலில், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். பிறகு, 400 ஷெக்கெல் பெறுமதியான நிலம் நமக்கிடையே என்ன பெரிய காரியம் என்று விலையையும் நாசூக்காகச் சொல்லிவிடுகிறார். ஆபிரகாம் பேரம் பேசாமல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார். ஊரார் முன்னிலையில், முழு விலைக்கு, நிறுத்துக் கொடுத்து வாங்கினால்தான் அந்நியனுக்கு நிலம் உறுதியாகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. 200 ஆண்டுகளாக ஒரு மலையில் வாழ்ந்தும், குடியிருக்கும் காம்பிராவுக்கு உறுதிப்பத்திரம் இல்லாத ஒரு சமூகத்தில் பிறந்தவன் இந்த அதிகாரத்தை வாசிக்கும் விதமே வேறு.

நிறுத்தல் என்ற சொல்லைக் கேட்டால் தோட்டத்தில் பிறந்தவருக்கு வேறொரு படமும் மனத்தில் எழும். கொழுந்து மடுவத்தில் தொங்கும் தராசு. காலையிலிருந்து மலையில் நின்று பறித்ததன் பெறுமதி அங்கேதான் ஓர் எண்ணாகிறது. எத்தனை கிலோ என்பதை முள் சொல்லும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழித்து, கணக்கப்பிள்ளை வேறோர் எண்ணை எழுதுவார். கிலோ வருமுன் அந்தக் கணக்கு றாத்தலில் இருந்தது. றாத்தல் என்பதே 'ரத்ல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சவூதிக்குப் போகுமுன்பே சின்னம்மா அரபுச் சொல்லொன்றால்தான் நிறுக்கப்பட்டுக்கொண்டிருந்தார்!

'கழிவு' என்ற சொல்லைக் கவனியுங்கள். இலங்கைத் தமிழில் அதற்கு மூன்று முகங்கள் உண்டு. நகரத்துக் கடையின் கண்ணாடியில் 'விலைக்கழிவு' என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சியான செய்தி. தோட்டத்துத் தராசருகே அது வயிற்றெரிச்சல். வடிகானில் ஓடினால் அழுக்கு. எபிரேயத்தில் கடைக்கழிவு 'ஹனஹா'. சம்பளத்தில் கழிப்பது 'நிக்குய்'. சுத்தம் செய்வதையும் எபிரேயத்தில் 'நிக்குய்' என்றே சொல்கிறார்கள். எழுத்து வேறு, ஒலி ஒன்று. சம்பளச் சீட்டில் வரும் நிக்குய் சம்பளத்தைச் சுத்தமாகத் துடைத்துவிடாமல் பார்த்துக்கொள் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

சம்பளச் சீட்டுக்கு எபிரேயத்தில் 'த்லூஷ்' என்று பெயர். கிழித்தெடுக்கப்பட்டது, பறிக்கப்பட்டது என்பது அதன் நேர்ப்பொருள். கொழுந்து பறிக்கும் குடும்பத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் எங்கள் மலையகத்திலும் இதேபோல் 'துண்டு' என்றொரு சொல் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பும் தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்துவிட்டு இவரை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டு அது. கடன் தொகையே ஆளின் விலையாயிற்று. அந்த விலையைப் பேசியவர்கள் துரைமாரும் கங்காணிகளும். துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஒருவருடைய விலையைப் பிறர் எழுதிய சீட்டு துண்டு. ஒருவருடைய உழைப்பின் விலையை அவர் தாமே வாசித்துப் பார்க்க வேண்டிய சீட்டு த்லூஷ். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் வாசிக்கத் தெரிவதில்தான் இருக்கிறது.

இதைச் சொல்லும்போது எங்கள் மக்களின் வாழ்வில் விலை எந்தெந்த மொழியில் பேசப்பட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன். தேயிலையின் விலை கொழும்பு ஏலத்தில் ஆங்கிலத்தில் பேசப்பட்டது. அந்த ஏலம் தொடங்கியது 1883 இல். அரிசியின் விலை தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் எழுதப்பட்டுக் கூலியில் கழிக்கப்பட்டது. கூலியின் விலை கூட்டு ஒப்பந்த மேசையில் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும் இடையே தீர்மானிக்கப்பட்டது. பின்னர் 2021 இல் சம்பளச் சபை வழியாக நாட்கூலி 1,000 ரூபா ஆயிற்று. 2024 இல் அது 1,350 ரூபா ஆயிற்று. செய்தியாளனாக அத்தகைய பேச்சுவார்த்தைகளின் வாசலில் நான் பலமுறை நின்றிருக்கிறேன். உள்ளே போனவர்களில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

என் தாயார் கொழுந்து பறித்தவர். அவருக்குச் சிங்களம் தெரியாது என்றே எல்லோரும் சொல்வார்கள், அவர் உட்பட. ஆனால் சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு தலவாக்கலைப் பொலவில் "கீயத?" என்று அவர் கேட்டால், மரக்கறிக்காரர் நிமிர்ந்து பார்த்துத்தான் பதில் சொல்வார். "கணன் வெடி" என்று, விலை அதிகம் என்பதை ஒருவிதமாகச் சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடப்பதுபோல் பாவனை செய்வார். பின்னால் கூப்பிடும் குரல் வரும்வரை மெதுவாக நடப்பார். வாரம் முழுவதும் மற்றவர் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்ட பெண், வேறொருவரிடம் எண்ணைச் சொல்லச் சொல்லிக் கேட்ட நேரம் அது ஒன்றுதான். கூடையைச் சுமந்து வளைந்த முதுகு அந்த ஒரு மணிநேரம் நிமிர்ந்திருக்கும். விலை கேட்பது பேராசையல்ல, சமத்துவத்தின் சிறிய பயிற்சி என்று நான் விளங்கிக்கொண்டது அரசறிவியல் புத்தகங்களிலிருந்தல்ல.

எபிரேயத்தில் 'இது என்ன விலை' என்று கேட்க, 'கமா ஸே ஓலே?' என்கிறார்கள். 'இது எவ்வளவுக்கு ஏறுகிறது' என்பது அதன் நேர்ப்பொருள். விலை ஏறுவது தமிழிலும் உண்டு. ஆனால் அந்த 'ஓலே' என்ற சொல்லுக்கு அங்கே மற்றொரு பொருளும் உண்டு. இஸ்ரேலில் குடியேற வரும் யூதரை 'ஓலே' என்பார்கள், மேலேறி வருகிறவர் என்ற பொருளில். அவர்களுக்கு மொழி கற்பிக்க 'உல்பான்' என்ற பள்ளிகள் உண்டு. முதலாவது பள்ளி ஜெருசலேமில் 1949 இல் தொடங்கப்பட்டது. வழக்கொழிந்திருந்த பேச்சுமொழியை மீட்டெடுக்க எலியேசர் பென் யெஹுதா என்ற அகராதிக்காரர் 1881 இல் ஜெருசலேம் வந்து 1922 இல் இறக்கும்வரை பாடுபட்டார். அந்த உழைப்பின் பலனை அரசு புதுக்குடியேறிகளுக்கு வகுப்பறையில் வழங்குகிறது. பூண்டுலோயாப் பெண்ணோ அங்கே 'ஓலே' அல்ல, 'ஓவேதெத் ஸாரா', அதாவது அந்நியத் தொழிலாளி. அவளுக்கு உல்பான் என்பது கைத்தொலைபேசியும் சின்னம்மாவும் எண்பது பக்கக் கொப்பியும்தான்.

கொப்பியில் இரட்டைப் பொருள் சொற்கள் இன்னும் உண்டு. 'யகார்' என்றால் விலை அதிகம். அன்புக்குரியவர் என்றும் பொருள். தமிழில் 'அருமை' என்ற சொல் கிடைத்தற்கரியதையும் அன்புக்குரியதையும் சேர்த்துச் சுமப்பது போல. 'கபலா' என்றால் பற்றுச்சீட்டு. பெற்றுக்கொள்ளுதல் என்பது வேர்ப்பொருள். யூதரின் மறைஞான மரபுக்கும் அதுவே பெயர். 'மக்கோலெத்' என்பது தெருமுனைப் பலசரக்குக் கடை. அங்கே பழக்கமானவர்கள் 'ஹகஃபா'வில், அதாவது கடனுக்கு, கொப்பியில் எழுதி வாங்கும் வழக்கம் உண்டு. எங்கள் ஊர்க் கடைகளின் பற்றுக் கொப்பியை அறிந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'ஓதெஃப்' என்றால் எஞ்சியது. மிச்சக்காசுக்கு அதுவே சொல். இலங்கைத் தமிழும் எபிரேயமும் இங்கே ஒரேமாதிரி எண்ணுகின்றன.

என்னைச் சற்று நிறுத்திய சொல் 'மிவ்த்ஸா'. கடையில் அது தொங்கினால் மலிவு விற்பனை. செய்தியில் வந்தால் இராணுவ நடவடிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல். இந்தச் சொல்லின் இரண்டாம் பொருளை மறந்துவிட்டு முதற்பொருளை மட்டும் கற்க முடியாது. 2023 அக்டோபர் 7 ஆம் திகதித் தாக்குதலில் இறந்தவர்களில் இலங்கையர் இருவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர் பராமரிப்புப் பணிக்குச் சென்ற பெண். அதன் பின்னர் காஸாவில் நடந்ததை உலகம் பார்த்தது. 2025 ஜூனில் ஈரானுடனான போரின்போது ஏவுகணைகள் இஸ்ரேலிய நகரங்களில் விழுந்தன. அவளுடைய கொப்பியில் விலையோடு சம்பந்தமில்லாத ஒரு சொல், தனியாகக் கட்டம் கட்டி எழுதப்பட்டிருந்தது. 'மிக்லாத்', பதுங்குமிடம்.

பயமில்லையா என்று கேட்டேன். "அங்க ஓடி ஒளிய ஒரு எடமாவது கட்டி வச்சிருக்காங்க மாமா. இங்க மண்ணு சரிஞ்சா எங்க ஓடுறது?" என்றாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மண்சரிவுகளை அனுபவித்த மலையகத்தில் இருந்துகொண்டு இதற்கு மறுமொழி சொல்வது கடினம்.

விவசாய வேலைக்குப் போகும் எங்கள் இளைஞர்களிடம் பேச வேண்டிய இன்னொரு விடயமும் உண்டு. அங்கே வேலைகள் காலியானதற்கு ஒரு காரணம், 2023 அக்டோபருக்குப் பின் பலஸ்தீனத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரின் அனுமதி நிறுத்தப்பட்டது. ஒருவர் இழந்த கூலியின் இடத்திலேயே மற்றொருவர் போய் நிற்கிறார். நமது முன்னோர் வந்தபோதும் நிலைமை இதற்கு வெகுதூரமல்ல. 1840 ஆம் ஆண்டின் காணிச் சட்டம் வழிசெய்து கொடுத்த மலைகளில்தான் தோட்டங்கள் எழுந்தன. சட்டத்தை இயற்றியவர்கள் மீது வந்திருக்க வேண்டிய கோபம், கூலிக்கு வந்தவர்கள் மீது திரும்பியது. போகாதே என்று வயிற்றுப்பாட்டுக்காரரிடம் சொல்லும் தகுதி எனக்கில்லை. யாருடைய இடத்தில் நிற்கிறோம் என்பதை அறிந்து நில் என்று சொல்லலாம். அதுவும் விலையின் ஒரு பகுதிதான்.

சிந்தனையைச் சற்று இலகுவாக்கவும் இந்தச் சொற்களில் இடமுண்டு. தேயிலை மலையிலிருந்து போகிறவளுக்கு அங்கே தேநீர் கேட்கப் புதுச்சொல் தேவையில்லை. எபிரேயத்திலும் தேநீர் 'தே' தான். தெற்குச் சீனப் பேச்சுமொழியிலிருந்து கப்பலேறிய அதே சொல் அங்கும் இறங்கியிருக்கிறது, எங்கள் தேயிலையிலும் தேத்தண்ணியிலும் இறங்கியிருக்கிறது. இஞ்சிக்குரிய பழைய எபிரேயச் சொல் 'ஸங்வில்'. அதன் தடத்தைப் பின்தொடர்ந்தால் பாரசீகம், பிராகிருதம் வழியாக 'இஞ்சி வேர்' வரை வரலாம். சர்க்கரையின் உறவு 'சுகார்'. மாங்காயின் வழித்தோன்றல் 'மாங்கோ'. சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களைக் குறிக்கும் 'துக்கி' என்ற சொல்லைத் தமிழின் 'தோகை'யோடு இணைத்துக் கால்டுவெல் 1856 இல் வெளியிட்ட தமது ஒப்பிலக்கணத்தில் எழுதினார். இன்றைய எபிரேயத்தில் துக்கி கிளியாகிவிட்டது. சொற்கள் வியாபாரிகளோடு போகும்போது நல்ல விலை கிடைக்கிறது. தொழிலாளிகளோடு போகும்போதுதான் அவை கொப்பிகளில் ஒளிந்துகொள்கின்றன.

அந்நாட்டுப் பணத்தாள்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதைய நான்கு தாள்களிலும் இருப்பவர்கள் கவிஞர்கள். 20 ஷெக்கெல் தாளில் ராஹெல், 50 இல் செர்னிஹோவ்ஸ்கி, 100 இல் லேயா கோல்ட்பெர்க், 200 இல் அல்தர்மான். 1931 இல் காசநோயால் இறந்த ராஹெல், இளமையில் கலிலேயாக் கடலோரத்தில் வயல்வேலை செய்தவர். அவளுடைய கையில் அதிகம் புழங்கப்போவது இந்தச் சிறிய தாளாகத்தான் இருக்கும். மண்ணில் வேலை செய்த ஒரு பெண்ணின் முகம் அதில் இருப்பதை அவளுக்குச் சொல்லி வைத்தேன்.

2025 ஏப்ரலில் இஸ்ரேலின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 6,247 ஷெக்கெலாக உயர்த்தப்பட்டது. வீட்டில் தங்கி வேலை செய்பவரிடமிருந்து தங்குமிடம், மருத்துவக் காப்புறுதி முதலியவற்றுக்கு ஒரு வரம்புக்குள் கழிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த வரம்பு எது என்று தெரிந்திருக்க வேண்டும். சீட்டு எபிரேயத்தில் இருக்கும். எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும், எண்கள் மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக. எதுவும் புரியாவிட்டாலும் எண்கள் புரியும். எண்களுக்கு மேலுள்ள பத்துப் பதினைந்து சொற்களை அடையாளம் காணப் பழகினால் போதும்.

அவளுடைய கொப்பியில் 'கமா' இருந்தது. 'கபலா' இருந்தது. இல்லாத ஒரு சொல்லை நான் எழுதிக் கொடுத்தேன். 'லாமா?' அதன் பொருள் 'ஏன்?' தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு அது புதிய சொல்லல்ல. சிலுவையில் இயேசு எழுப்பிய கேள்வியில் அச்சொல் இருப்பதை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கேட்கிறோம். அதைக் கடையிலும், வீட்டுக்காரரிடமும், முகவரிடமும், சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டும் கேட்கலாம் என்றுதான் நாம் நினைத்ததில்லை.

எவ்வளவு என்று கேட்க எங்கள் தாய்மார் பொலவில் பழகினார்கள், சின்னம்மாக்கள் ரியாத்தில் பழகினார்கள். அடுத்த தலைமுறை அந்தக் கேள்வியோடு நின்றுவிடக் கூடாது. எவ்வளவு கழித்தீர்கள் என்பதற்குப் பின்னால் ஏன் கழித்தீர்கள் என்பதும் வர வேண்டும். கமா முதற்பாடம். லாமா இரண்டாம் பாடம்.